அஜ்ஜாவின் நெற்றியில்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள். பிற பண்பாடுகளை மதிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பெற்றோர் எழுதித் தரும்படி மகளின் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். அதற்கு எனக்கென்ன தகுதி என்று தயங்கித் தயங்கி, எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீரில் குழைத்த விபூதியும் செவ்வந்திப் பூவும் கலந்த மணம் எங்காவது வந்தால், இன்றும் என் உதடு குளிர்ந்துபோகும்.

மைசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்பகுதியில் வீட்டுக்காரர்களான லிங்காயத்துக் குடும்பமும், பின்பகுதியில் கிறிஸ்தவத் தமிழர்களான நாங்களும் இருந்தோம். அந்த வீட்டுப் பெரியவரை நாங்களும் கன்னடத்தில் தாத்தா என்று பொருள்படும்படி "அஜ்ஜா" என்றுதான் கூப்பிடுவோம். பள்ளி விட்டு வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உரித்துத் தரும் வேர்க்கடலையைத் தின்பேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர் இறந்துபோனார். அப்பா அம்மாவோடு நானும் போனேன். எங்கள் வழக்கத்தில் இறந்தவர்களைப் பெட்டியில் படுக்கவைப்பார்கள். அஜ்ஜாவையோ சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். நெற்றியில் புதிதாக மூன்று பட்டை விபூதி, கழுத்து நிறையப் பூ. அவர்களுடைய பூசாரியான "அய்யனவரு" சடங்குகளை முடித்துவிட்டு, தூக்கலாம் என்று தலையசைத்தார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் என் அத்தை இறந்தபோது, பெட்டி மூடுமுன் கடைசி முத்தம் கொடுக்க அம்மா என்னைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நேரம் தப்பிவிடக் கூடாதே என்று நான் ஓடிப்போய், அஜ்ஜாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டேன். மூன்று பட்டைகளும் கலைந்துவிட்டன.

கூடியிருந்தவர்களின் அழுகை நின்றுவிட்டது. "அய்யோ, ஏன் மாடிதே மகூ!", என்ன செய்துவிட்டாய் குழந்தாய் என்று அஜ்ஜாவின் மருமகள் தலையில் கைவைத்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், "கிறிஸ்தானர மனே மகு", கிறிஸ்தவர் வீட்டுக் குழந்தை என்றது. அப்பா கைகூப்பி, "தப்பாய்த்து அய்யனவரே" என்று மன்னிப்புக் கேட்டார்.

அய்யனவரு என்னைப் பார்த்து, "யாக்கம்மா?" என்று காரணம் கேட்டார். பெட்டி மூடுமுன் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்.

"நம்மல்லி பெட்டிகேனே இல்லவல்லம்மா" என்றார். எங்களிடம் பெட்டியே கிடையாதே என்கிறார். பிறகு சுற்றிலும் பார்த்து, வேறு யாராவது கொடுக்க வேண்டுமா, பூசுவதை ஒரே தடவையாகப் பூசிவிடுகிறேன் என்றார். அவர் மறுபடி விபூதி குழைத்துப் பூசினார்.

அன்று மாலை அப்பா, "வேற வீடு பாக்கணும் போல இருக்கு. காலி பண்ணுன்னு அவங்களா சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிடலாம்" என்றார். என்னைத் திட்டவும் தொடங்கினார்.

"அவள ஏன் பைறீங்க? நம்ம வழக்கத்தச் சொல்லிக் கொடுத்தேன். அவங்களுக்குன்னு வேற வழக்கம் இருக்குன்னு சொல்லலையே. என்னைப் பைங்க" என்றாள் அம்மா. என் உதட்டில் ஒட்டியிருந்த விபூதியை அவள் துடைக்கவே இல்லை.

இன்று விஜயநகரில் எங்கள் தெருவில் சாவுச் செய்தி கைப்பேசியில் வருகிறது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் போய் வருகிறோம். பண்பாட்டு நாளன்று என் மகள் ஏதோ ஒரு மாநிலத்து உடை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறாள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டார் தங்கள் மனிதர்களை எப்படி வழியனுப்புகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் கூட்டிப்போய்க் காட்டியதில்லை. நாங்கள் இருந்த அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள்.

அஜ்ஜாவை அடக்கம் செய்த மறுநாள், துக்க வீடென்பதால் அங்கே அடுப்பு மூட்டவில்லை. அதுவரை எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்திராத அவருடைய மருமகள், காலையில் எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்று, கொஞ்சம் உப்பிட்டு, நம் உப்புமாதான், செய்து தர முடியுமா என்று கேட்டாள். அம்மா ரவையை வறுத்தாள்.