பாதி வீட்டின் முழுக் கழிவு

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்களுடையது. கல்யாணம் முடிந்ததும் ஆண் ஒரு பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படிப் பெட்டியோடு களுதாவளைக்கு வந்து சேர்ந்தவன்தான். வாக்குவாதம் முற்றினால் என் மனைவி கடைசியில் ஒரே வசனம்தான் சொல்வாள்: "இது எண்ட வீடு." அத்தோடு வழக்குத் தள்ளுபடி.

ஆனால் மற்ற ஆண்களுக்கு இல்லாத ஒரு மேன்முறையீடு எனக்கு இருந்தது. "எனக்கும் நாவற்குடாவுல அரை வீடு கிடக்கு, தெரியும்தானே?" என்பேன். அலுவலகத்தில் வேலை செய்த ஆண்களில், வீட்டுப் பத்திரமான உறுதியில் பெயர் உள்ளவன் நான் ஒருவன்தான். 'அரை வீட்டார்' என்று பட்டம் வைத்தார்கள். கோபம் வரவில்லை. பட்டத்திலும் ஒரு வீடு இருக்கிறதே.

அந்த வீட்டை அப்பா என் தங்கச்சிக்காகத் தொடங்கினார். சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்த நேரம் அப்பா போய்விட்டார். மிச்சத்தை அவள் தைத்துச் சேர்த்த காசிலும் நான் எடுத்த கடனிலுமாகக் கட்டி முடித்தோம். "உறுதிய யார்ர பேருல எழுதுற?" என்று நொத்தாரிசு கேட்டார்.

"வீடு பொம்பிளப் புள்ளைக்குத்தானே," என்றார் அம்மா.

"அண்ணன்ட பேரையும் போடுங்க, சரிபாதியா," என்றாள் தங்கச்சி. "கடன் அவரு எடுத்தது."

நான் பெருந்தன்மையாக மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. பேனையை முதலில் எடுத்ததே நான்தான்.

தங்கச்சி கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். வீட்டின் பின்பக்கத்தில் இருந்துகொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். முன்பக்கத்தில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. வாடகை கிடைத்த அன்றே என் பாதி என் கணக்குக்கு வந்துவிடும். ஓடு மாற்றுவது, குழாய் பார்ப்பது, பெயின்ற் அடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. என் பொறுப்பு பெருமைப்படுவது.

அப்படி இருக்கும்போதுதான் வருமான வரி வந்தது. சம்பளமும் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வகுப்புக் காசும் சேர்ந்து என்னை வரி கட்டுகிறவர்களின் வரிசையில் நிறுத்தின. மற்றவர்கள் ஆள் பிடித்துப் படிவம் நிரப்பினார்கள். எனக்கு எதற்கு ஆள்? இணையத்தில் இரண்டு வீடியோ பார்த்தவன் நான். வாடகை வருமானத்தில் நாலில் ஒரு பங்கைத் திருத்தவேலைக்கென்று கழிக்கலாம் என்று அதில் சொன்னார்கள். எனக்குள் ஒரு மேதை விழித்துக்கொண்டான். பாதி வாடகையைக் காட்டினால் பாதிக்குத்தானே கழிவு? முழு வாடகையையும் என் பெயரில் காட்டினால் முழுக் கழிவும் எனக்கல்லவா?

கழிவு இரட்டிப்பாகும் என்று பார்த்த மேதை, அதோடு சேர்ந்து வருமானமும் இரட்டிப்பாகும் என்று பார்க்கவில்லை. வரி கொஞ்சம் கூடத்தான் வந்தது. அதை நாட்டுக்குச் செய்யும் சேவை என்று எடுத்துக்கொண்டேன். படிவத்தில் வீட்டு விலாசத்துக்கு நேரே என் பெயர் தனியாக, கம்பீரமாக நின்றது. அதை அச்செடுத்து லமினேட் பண்ணினேன். ஆம், வரிப் படிவத்தை. கடைப் பெடியன் இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் மெசினுக்குள் விட்டான்.

சில மாதங்களுக்குப் பிறகு தங்கச்சி போன் எடுத்தாள். இரண்டு பள்ளிக்கூடங்கள் அடுத்த தவணைச் சீருடை முழுவதையும் அவளிடமே தரத் தயாராம். காலால் மிதிக்கும் பழைய மெசினில் அது நடக்காது. கரண்டில் ஓடும் பெரிய மெசின் இரண்டு வேண்டும். அதற்கு வங்கிக் கடன் வேண்டும். மாத முடிவுக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலை டவுன் கடைக்குப் போய்விடும்.

"வாடகை வருமானத்துக்கு ஏதும் கடதாசி இரிக்கா எண்டு பேங்குல கேக்காங்க அண்ணன்."

"இரிக்காவா? லமினேட் பண்ணியே இரிக்கு!" என்றேன். அன்றைக்கே அதை அவளுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையிலிருந்து அந்தப் பளபளப்பான தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணன், இதுல நான் எங்க இரிக்கன்?"

"நீ நாவற்குடாவுல இரிக்காய்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்க உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள் அவள். அவளே சிரிக்காததும் தாளை என் பக்கம் திருப்பி வாசிக்கத் தொடங்கினேன்.

"பேங்குல அந்த மேடம் வாசிச்சுப் பாத்திட்டு, 'வாடகை முழுக்க உங்கட அண்ணனுக்குத்தானே வருது, உங்களுக்கு என்ன வருமானம்?' எண்டு கேட்டாங்க. 'வீட்டுல பாதி எண்ட' எண்டு சொன்னன். 'இந்தக் கடதாசியில அப்பிடி இல்லயே தங்கச்சி' எண்டாங்க."

தேத்தண்ணியோடு வந்த என் மனைவி தாளை எட்டிப் பார்த்தாள். "மச்சாள், பேசாம இதுல இவர்ர படத்தையும் ஒட்டிச் சுவருல கொழுவியிரிக்கலாம். முழு வீட்டார் எண்டு."

"கழிவு கூட வரும் எண்டு பாத்தன்..." என்று இழுத்தேன்.

"வாடகையக் கூடக் காட்டினா வரியும் கூடத்தானே வரும்?" என்றாள் தங்கச்சி. மூன்று யார் நீளத் துணியில் எத்தனை கை, எத்தனை கழுத்து என்று மனத்தாலேயே வெட்டிப் பார்க்கிறவளுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு மிடறு தேத்தண்ணி நேரம் போதுமாயிருந்தது.

உறுதி எழுதிய நாளில் என்னை உள்ளே எடுத்தவள் அவள். படிவம் எழுதிய நாளில் அவளை வெளியே விட்டவன் நான். அதைச் சொல்லப் பகிடி எதுவும் கைவசம் இருக்கவில்லை. "திங்கக்கிழமை லீவு போடுறன். ரெண்டு பேரும் போவம்," என்றேன்.

வரி அலுவலகத்துக்கு அவள் உறுதியின் பிரதியைக் கொண்டுவந்தாள். கேட்டாலும் கேட்பார்கள் என்று வீட்டுச் செலவுப் பில்களையும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் இளம் பெண். பையைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குப் பில் தேவயில்ல அக்கா. செலவழிச்சாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, கால்வாசி கழிக்கலாம். உறுதியில சரிபாதி எண்டா வாடகையும் சரிபாதி. அவங்கட பாதிய அவங்க காட்டுவாங்க, கழிவும் அவங்களுக்கு. உங்கட பாதிக்கு நீங்க. கூட்டுச் சொத்துக்கு அப்பிடித்தான்." பிறகு மேலே கிடந்த நாலைந்து பில்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஒண்டிலயும் உங்கட பேர் இல்லயே ஐயா?"

ஓடு, குழாய், பெயின்ற், மலகூடக் கதவு என்று எல்லாமே தங்கச்சியின் பெயரில்தான். திருத்தினவள் அவள், கழித்தவன் நான். "நான் மேற்பார்வை," என்றேன். உத்தியோகத்தர் சிரித்தார். நல்லவேளை, தங்கச்சியும் சிரித்துவிட்டாள்.

என் படிவத்தைத் திருத்திக் கொடுத்தோம். எனக்கு வரி குறைந்தது. நான் புத்திசாலித்தனமாக இருந்தபோது கிடைக்காத இலாபம் இது. தங்கச்சியின் பெயரில் புதிதாக ஒரு வரி இலக்கம் எடுத்து, தையல் வருமானத்தையும் அவளுடைய பாதி வாடகையையும் காட்டினோம். கணக்குப் பார்த்துவிட்டு உத்தியோகத்தர், "உங்களுக்கு வரி ஒண்டும் இல்ல," என்றார்.

அவள் முகம் சற்று வாடியது. "கொஞ்சமும் இல்லயா மிஸ்?"

"எண்ட சேவிசுல இப்பிடிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான் அக்கா," என்றார் அவர்.

அச்செடுத்த தாளை அவள் வாங்கி, தன் பெயரையும் அதற்கு நேரே இருந்த நாவற்குடா விலாசத்தையும் விரலால் ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். லமினேட் பண்ணலாமா என்ற கேள்வி வாய்வரை வந்தது. வாழ்க்கையில் முதற்தடவையாக அடக்கிக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே வங்கிக்குப் போனோம். அதே மேடம். நான் பின் கதிரையில் இருந்தேன். தங்கச்சி தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தானே பேசினாள்: இத்தனை சட்டை, இத்தனை நாள், மாதம் இவ்வளவு கட்டலாம். மேடம் ஒரு கேள்வி கேட்டால் இவள் இரண்டு பதில் சொன்னாள். இடையில் நான் உதவிக்கு எழுந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே, "நீங்க இரிங்க அண்ணன்," என்றாள். இருந்தேன். பெருமையில் என் நெஞ்சு மட்டும் கதிரையில் இருக்க மாட்டேன் என்றது.

கடன் கிடைத்தது. மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது மெசின்கள் வந்தன. இரண்டும் பாரம். லொறிக்காரர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாகத் தூக்கினோம். முன்வீட்டுக் குடும்பம் வாசலில் நின்று பார்த்தது. தங்கச்சி வழி காட்டினாள். "சுவருல முட்டாம! இப்பத்தான் பெயின்ற் அடிச்ச!"

"ஆர்ர வீடு அண்ணே, இவ்வளவு கண்டிப்பு?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் லொறிக்காரர்.

"இவட வீடு," என்றேன். 'பாதி எண்ட' என்ற அடுத்த வசனத்தைச் சொல்வதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது.