தங்கராசு அண்ணனின் சுருதி கலையாத கிடார்

"விஜயா, ஒங்க அண்ணன் பூட்டாரும்மா" என்றார் கலா அண்ணி, போனில். நான் அடுப்பைத் தணித்துக்கொண்டே, "எங்க போனாரு அண்ணி?" என்று கேட்டேன். மறுமுனையில் யாரோ அழும் சத்தம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. காலையில் பால் வாங்கப் போனவர், கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாராம். டீ கொண்டுவந்தவர் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார். இதை எழுதும்போதும் என் மனம் அதை ஏற்கவில்லை. அண்ணி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார் என்றே தோன்றுகிறது.

எங்கள் இன்னிசைக் குழுவை அறிந்தவர்களுக்குக் கிடார் தங்கராசுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பகலில் மருந்துக்கடையில் வேலை. மாலையில் மேடை. நான் பாடகி. அவர் எனக்கு உறவில்லை. ஆனால் குழுவில் சேர்ந்த முதல் நாளிலிருந்து அண்ணன்தான்.

அந்தக் காலத்தில் அவர் வைத்திருந்தது சென்னையில் யாரோ வாசித்துக் கழித்த எலெக்ட்ரிக் கிடார். பார்க்க அழகு, சுருதிதான் நிற்காது. வடக்கனந்தல் திருவிழாவில் நான் மேல் ஸ்தாயியில் போய் நின்றபோது கிடார் வேறெங்கோ போய் நின்றது. கூட்டம் ஊளையிட்டது. அண்ணன் வாசிப்பதை நிறுத்தி, என் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "பாடறவங்க மேல தப்பு இல்லீங்க. எங் கம்பிதான் எறங்கிப்போச்சி. ரெண்டு நிமிசம் குடுங்க" என்றார். கூட்டம் அடங்கியது. மேடையில் தவறு நேர்ந்தால் எல்லோரும் அடுத்தவரைப் பார்ப்போம். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை.

அடுத்த வாரம் முழுவதும் கிடாரைப் பிரித்துப் போட்டார். ஒலியை நடுங்கவைக்க அதன் அடியில் ஒரு கைப்பிடி உண்டு, பின்னால் சுருள்வில்கள். கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் கம்பிகள் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி மாறும். வெள்ளிமலைச் சந்தையில் வாங்கி உடைந்துபோன உலக்கையிலிருந்து ஒரு துண்டை அறுத்து, இழைத்து, சுருள்வில்கள் அசையாதபடி உள்ளே ஆப்பாக இறுக்கி, கைப்பிடியைக் கழற்றிவிட்டார். கழுத்தின் உச்சியில் கம்பிகள் படிந்து போகும் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி எறிந்தார். எருமைக்கொம்பில் புதிதாக ஒன்று செய்து, கம்பி சிக்காமல் வழுக்கிப் போகும்படி காடிகளை அராவி, பென்சில் கரியைத் தூளாக்கித் தடவினார். முறுக்காணிகளின் திருகுகளையும் இறுக்கினார்.

குழுவின் தலைவர் மாணிக்கம் அண்ணனுக்கு ஒரே வருத்தம். "கைப்புடிய கழட்டிட்டா கிடாருக்கு இன்னாடா அழகு?"

"அழகு கம்மியானா பரவால்லண்ணே. சுருதி கம்மியாவக் கூடாது."

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த நேரம் அது. கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். பகல் வெயிலில் வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் திரும்ப முடியவில்லை. எங்கள் வேனுக்குப் பக்கத்தில் ஒரு லாரி. அதில் மலையிலிருந்து இறங்கிய பெண்வீட்டார். நடுவில் மாலையும் கழுத்துமாக மணப்பெண். கோடரியோடு வந்தவர்களில் ஒருவர் எங்கள் வேன் கதவைத் திறந்து, "நீங்கள்லாம் இன்னா ஆளுங்க?" என்று கேட்டார்.

கேட்டது சாதியை. எங்கள் குழுவில் பல சாதியும் உண்டு.

"பாட்டுக்காரங்க" என்றார் தங்கராசு அண்ணன்.

"அப்டினா பாடுங்க, பாக்கலாம்."

வேன் பேட்டரியில் ஒலிபெருக்கியை மாட்டினோம். வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்து அண்ணன் வாசித்தார். கம்பியைத் தொட்டால் சுடும் வெயில். பாட்டுக்குப் பின் பாட்டு. சுருதி இம்மியும் நகரவில்லை. கோடரிகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். லாரியில் மணப்பெண் சிரித்தாள். வேன் கதவைத் திறந்தவரே, "அந்தப் பொண்ணு லாரிக்கி வழி வுடுங்கடா" என்றார். நாலு பேர் எழுந்து கிளைகளை இழுத்தார்கள். லாரி கிளம்பிப் போயிற்று.

சற்று நேரத்தில் போலீஸ் வந்தது. ஓட்டம், தடி, கல். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாத ஒரு கல், கிடாரின் கழுத்தைப் பிடித்திருந்த அவர் இடது கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப் போகும்போது, "விஜயா, கம்பிய தட்டிப் பாரு" என்றார். நடுரோட்டில், அழுதுகொண்டே தட்டினேன். ஆறு கம்பியும் சரியாக இருந்தன. அந்த நொடியின் கொடூரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. எல்லோரும் முடிந்தது என்றோம். மடங்காத விரலில் ஒரு எவர்சில்வர் குழாயை மாட்டிக்கொண்டு, கிடாரை மடியில் படுக்கவைத்து, கம்பிகளைத் தூக்கிக் கட்டி, வேறு சுருதியில் கூட்டினார் அவர். திருநாவலூரில் முதல்முறை அப்படி வாசித்தபோது கம்பி மனுஷக் குரல் போல வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு அடுத்த அடி பாட மறந்துவிட்டது.

"அவங்க மேல கோவமே இல்லையாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு? புள்ளைங்களுக்குப் படிப்பு, வேல வேணும்னு ரோட்டுக்கு வந்தவங்க. கல்லு வுட்டவன் யாருன்னு யோசிச்சிக்கினு இருந்தா நான் எப்ப வாசிக்கிறது?"

இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு மெட்டை வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "மேல கொஞ்சம் கம்மியா இருக்குதுண்ணே" என்று பதில் போட்டேன். உடனே அவர் குரல் வந்தது: "கிடாரு சரியாதான் இருக்குது. ஒங் காதுக்குத்தான் வயசாயிடுச்சி!" கூடவே ஒரு நீண்ட சிரிப்பு, கடைசியில் இருமலில் போய் முடிந்தது.

அண்ணன் என்னிடம் விட்டுப்போனது அந்தச் சிரிப்புதான். காரியத்தன்று அண்ணிக்கு அதைப் போட்டுக் காட்டினேன். போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். முடிந்ததும் என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடும்மா" என்றார்.