ப்ராசஸர் மட்டும் மாத்தினா போதுமா மேடம்?

மற்ற தொழில்களில் வாடிக்கையாளர் வந்து கோளாறைச் சொல்வார், நாம் வைத்தியம் சொல்வோம். கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் மட்டும் வைத்தியத்தை அவரே முடிவு செய்துகொண்டு வந்துவிடுவார், கோளாறை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மேற்கு தாம்பரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய தெருவில் எங்கள் கடை. கல்லாவில் உட்கார்ந்து பழைய சாமான், புதுச் சாமான் விற்பது என் பார்ட்னர் பஷீர் பாய். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பெட்டியைத் திறப்பது நான். பாதி வீடுகளில் கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா?" என்பார்கள். "நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன்.

டெஸ்க்டாப்பை ஆன் செய்துவிட்டு, அது எழுந்து உட்காருவதற்குள் பால் காய்ச்சி இறக்கிவிடும் என் சக கஷ்டவாளிகளே, இது உங்களுக்காகத்தான். "ப்ராசஸரை மட்டும் மாத்திட்டா புதுசு மாதிரி ஓடுமாம்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்த யாரோவைத்தான் நானும் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூளைக்கு விபூதி

குரோம்பேட்டையில் ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர். போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்: "மூளை போயிடுச்சும்மா. ப்ராசஸர்தானே மூளை? வரும்போதே ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க." போய் ஆன் செய்தேன். மாவு மில் மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிட்டது. பெட்டியைத் தொட்டால் இட்லிப் பானை.

மூடியைக் கழற்றினேன். எத்தனையோ வீட்டுத் தூசியைப் பார்த்திருக்கிறேன், இப்படி வெள்ளை வெளேரென்று பார்த்ததில்லை. ஃபேன் இறக்கை நடுவே குங்குமம் வேறு. ஒரு ஓரத்தில் காய்ந்த துளசி. தலையை நிமிர்த்தினேன். நேர் மேலே சாமி அலமாரி. தினமும் பூஜை முடிந்து தட்டு கீழே இறங்கும்போது, விபூதியில் ஒரு பங்கு கம்ப்யூட்டருக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

பால்கனிக்குத் தூக்கிப்போய் ப்ளோயர் வைத்து ஊதினேன். ப்ராசஸர் தலையில் காய்ந்து கிடந்த, சூட்டை இழுக்கிற பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு தடவினேன். பெட்டி சத்தமில்லாமல் ஓடியது. "சார், ப்ராசஸர் நல்லாத்தான் இருக்கு. விபூதி போய் ஃபேனை அடைச்சிருக்கு. இடத்தை மட்டும் மாத்திடுங்க" என்றேன். அவர் அலமாரியையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "அதுல யோசிக்க என்ன இருக்கு? அவங்க நகர்த்தச் சொன்னது கம்ப்யூட்டரை. நீங்க பாட்டுக்கு சாமியை நகர்த்திடாதீங்க!"

போர்டைப் பார்த்து ஏறுகிறவர்கள்

கேளம்பாக்கத்தில் தனசேகர் என்று ஒருத்தர், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாம் சேர்ந்த கடை வைத்திருக்கிறார். அவர் கடைக்கு எதிரே இன்னொருவர் அதே மாதிரிக் கடை திறந்துவிட்டார். "அக்கா, அவன் ஐ-செவன்னு வாசல்ல எழுதி வெச்சிகீறான். வர்றவன் எல்லாம் அங்க பூந்துகினு கீறான். ஒரே பேஜாரா கீது. நம்ம மிஷினுக்கும் ஐ-செவன் போட்டு வுடு."

ஐ-செவன் என்பது ப்ராசஸரில் உசத்தி ரகம். அவர் மெஷினைத் திறந்து காட்டினேன். எல்லாப் பாகமும் உட்காருகிற மதர்போர்டு எந்தக் காலத்தது என்று பார்த்து, அந்தக் காலத்து ப்ராசஸரைத்தான் அதில் உட்கார வைக்க முடியும். புது ஐ-செவன் வேண்டுமென்றால் போர்டை மாற்ற வேண்டும். போர்டை மாற்றினால் ராம் என்கிற மெமரியும் மாற வேண்டும். கடைசியில் பழசு என்று மிஞ்சுவது தகர டப்பாவும் பவர் பட்டனும்தான். "உங்க வேலைக்கு இதெல்லாம் வேணாம் அண்ணா. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போட்டாலே விருட்டுனு ஓபன் ஆகும்" என்றேன். ஒத்துக்கொண்டார். போட்டேன், ஆனது. கிளம்பும்போது மெதுவாக, "அக்கா, ஐ-செவன் ஸ்டிக்கர் மட்டும் தனியா கெடைக்குமா?" என்றார். அதெல்லாம் ஏமாற்று வேலை, நான் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். கடையின் ஷட்டரில் ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பெயின்ட்டில் 'ஐ-9 அதிவேக சேவை' என்று எழுதியிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "என்ன அண்ணா இது?" என்று கேட்டேன். ஒரு ஆதார் கார்டை ஜெராக்ஸ் மெஷினில் வைத்துக்கொண்டே பதில் சொன்னார்: "பஸ்ஸுல ஏறுறவன் போர்டைப் பாத்து ஏறுறானா, பானெட்டைத் தொறந்து இன்ஜினைப் பாத்து ஏறுறானா, நீயே சொல்லுக்கா!"

கிரகங்களின் வேகம்

சேலையூரில் ஒரு ஜோதிடர். ஜாதகம் கணிப்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டிவிட்டால், பெட்டி முனகி முனகி ஒரு வழியாக ஜாதகத்தைத் துப்பும். "வர்றவங்களைக் காக்க வைக்கக் கூடாதும்மா. ஏதாவது பண்ணுங்க" என்றார். பஷீர் பாயிடம் அவர் போர்டுக்குப் பொருந்துகிற பெரிய ப்ராசஸர் ஒன்று பழையதாகக் கிடந்தது. அதையும் எஸ்.எஸ்.டி.யையும் போட்டுக் கொடுத்தேன். மனிதர் மகிழ்ந்துபோய் எனக்கே இலவசமாகப் பலன் சொன்னார். தொழிலில் நல்ல பெயர் எடுப்பேனாம்.

அந்தப் பலன் அதிக நாள் நீடிக்கவில்லை. போன் வந்தது. "மேடம், வேகத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?" காதில் சரியாக விழவில்லையோ என்று நேரில் போனேன். பொண்ணுக்கு வரன் பார்க்கிற அம்மா ஒருவர் மாடம்பாக்கத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். ஜோதிடர் விவரங்களைத் தட்டி முடித்துக் கையை எடுப்பதற்குள் பிரின்டர் காகிதத்தைத் தள்ளிவிட்டது. அந்த அம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். "ஐயா, இது ஏற்கெனவே வேற யாருக்கோ போட்டு வெச்சது இல்லையே?" என்று கேட்டார்.

அவர் ஒரு வழியாகச் சமாதானமாகிப் போன பிறகு ஜோதிடர் என் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை. நொந்துபோயிருந்தார். "பாத்தீங்களா மேடம்? சனி பகவான் ஒரு ராசியைக் கடக்கவே ரெண்டரை வருஷம் ஆகுது. உங்க மெஷின் ஒன்பது கிரகத்தையும் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள சுத்திட்டு வந்துட்டா எவன் நம்புவான்?"

இன்னும் கொஞ்சம் பொறுத்தால்

கோவிலம்பாக்கம் பிரசன்னாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை தவறாமல் கடைக்குப் போன் வரும். இந்த ப்ராசஸரா, அந்த ப்ராசஸரா? இதில் வேகம் கூட, அதில் கரன்ட் கம்மி. இப்போதே வாங்கலாமா, புது மாடல் வந்ததும் பழசு விலை இறங்குமா? நான் ஒரு பதில் சொல்வேன். அடுத்த சனிக்கிழமைக்குள் அந்தப் பதில் பழசாகியிருக்கும். அவர் ஆசைப்பட்ட முதல் ப்ராசஸர் வந்து, விற்று, மார்க்கெட்டை விட்டே போய்விட்டது. ஒரு சனிக்கிழமை நான் ஊரில் இல்லை, போனை பஷீர் பாய் எடுத்திருக்கிறார். பிரசன்னா வழக்கம்போல இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பாய் சொன்ன பதிலுக்குப் பிறகு அவர் மறுநாளே வந்து வாங்கிப் போய்விட்டார்: "தாராளமா பொறுங்க தம்பி. பொறுத்தா விலை இறங்கும். இன்னும் பொறுத்தா உங்களுக்கு வேலைக்குப் போற வயசு முடிஞ்சு கம்ப்யூட்டரே தேவைப்படாது."

வளைந்த பின்

பல்லாவரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க, ப்ராசஸர் சரியா உக்கார மாட்டேங்குது" என்று ஆடிட்டரே போனில் பேசினார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. போனதும் விஷயம் தெரிந்தது. ஆன்லைனில் வாங்கி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த ப்ராசஸரை, மெஷின் காலையில் திணறுவதைப் பார்த்ததும் வீடியோ ஒன்றைப் பார்த்து அவரே மாற்ற இறங்கியிருக்கிறார். பழசு ஃபேனோடு ஒட்டிக்கொண்டு வந்து தரையில் விழுந்து, அதன் அடியில் இருக்கும் பின்களில் ஒன்று ஒடிந்துவிட்டது. புதுசைத் திசை மாற்றி வைத்து அழுத்தியதில் அதன் மூலையில் இருந்த பின்கள் சாய்ந்துவிட்டன. ப்ராசஸரின் அடியில் சீப்புப் பல்லைவிட மெல்லிசாக நூற்றுக்கணக்கில் பின்கள் இருக்கும். ஒன்று ஒடிந்தாலும் கதை முடிந்தது. வாடிக்கையாளர்களின் கணக்கு முழுக்க அந்த ஒரு மெஷினில்.

மேலே சுற்றிய சீலிங் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அதன் காலி முனையை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி நிமிர்த்த ஆரம்பித்தேன். ஆடிட்டர் போன் டார்ச்சை அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வெளிச்சம் மேஜை முழுக்க ஆடியது. "சார், கையை ஆட்டாதீங்க" என்றேன். "சாரிம்மா" என்றார். அங்கே வேலை செய்கிற நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசிப் பின் நிமிர்ந்தது. வைத்தேன், தானாக வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. திரையில் வெளிச்சம் வந்ததும் ஆடிட்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

நான் பையைக் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது வசந்தி என்கிற சீனியர் கிளார்க் பின்னாலேயே ஓடி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு காதோடு சொன்னார்: "நான் இங்க சேர்ந்ததிலிருந்து அவர் வாயில சாரிங்கிற வார்த்தையை இன்னைக்குத்தான் கேட்டேன். முடிஞ்சா மாசம் ஒரு பின்னை நீங்களே வளைச்சுவிட்டுப் போங்க மேடம்."

வாசித்துக் காட்டியது

பொழிச்சலூரில் முரளி என்று ஒருவர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவர் வேலை. திரையில் இருப்பதை ஒரு சாஃப்ட்வேர் அவருக்குக் குரலில் படித்துச் சொல்லும். அந்தக் குரல் திக்க ஆரம்பித்துவிட்டது. பாதி வார்த்தையில் நிற்கும், பிறகு மூன்று வார்த்தையை ஒன்றாக விழுங்கும். "வேலை லேட்டாகுது மேடம். இன்னொரு தடவை லேட் ஆனா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க" என்றார். அவர் மனைவி லலிதா காபியை வைத்துவிட்டுப் போனார்.

வழக்கம்போலத் தூசியாக இருக்கும் என்று திறந்தேன். தூசியே இல்லை. விரலால் தடவித் தடவித் தானே துடைப்பாராம். எஸ்.எஸ்.டி. இருந்தது. ராம் போதுமானது. ஒலிப்பதிவும் படிக்கும் குரலும் சேர்ந்து ஓடும்போது ப்ராசஸர்தான் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பலரிடமும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே பழகிய நான், அன்று, "சார், ப்ராசஸரைத்தான் மாத்தணும்" என்றேன். அந்த போர்டு ஏற்கக்கூடியதிலேயே பெரியது ஒன்று பாயிடம் இருந்தது. எடுத்து வந்தேன். ஒரே சிக்கல், அதை மாட்டுவதற்கு முன் போர்டுக்குள் இருக்கும் அடிப்படை புரோகிராமைப் புதுப்பிக்க வேண்டும். அது நடக்கும்போது கரன்ட் போனால் போர்டே செத்துவிடும். யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ போய்விட்டிருந்தது. லலிதா மோட்டார், ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் காவலுக்கு நின்றார். ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் படிக்கும் குரல் வேலை செய்யாது. முரளி இருட்டில் மட்டுமில்லை, நிசப்தத்திலும் உட்கார்ந்திருந்தார். "இப்ப என்ன ஆகுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். "பத்து சதவீதம்... அழிக்குது... எழுதுது..." ஒரு விமானம் கூரையை உரசுகிற மாதிரி தாழப் பறந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ட்யூப்லைட் ஒரு தடவை மினுக்கியது. லலிதா கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி நிலையாக எரிந்தது. நூறு சதவீதம்.

புது ப்ராசஸரை மாட்டி ஆன் செய்தேன். குரல் கிளம்பியது பாருங்கள், தேன்கூட்டைக் கலைத்த மாதிரி! அவர் எப்போதும் வைத்துக் கேட்கிற வேகம் அதுதானாம்; எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. முரளி அந்த வேகத்திலேயே கேட்டு, அந்த வேகத்திலேயே தட்டினார். ஒரு ஒலிப்பதிவு முடியும்வரை நிறுத்தவில்லை. லலிதா போய் ஃப்ரிட்ஜைப் போட்டுவிட்டு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முரளி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னார்தான், கூடவே இன்னொன்றும் சொன்னார்: "ரொம்ப தேங்க்ஸ் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க, நடுவுல நீங்க படிச்சுக் காட்டினீங்களே, அப்ப அந்தப் பழைய ப்ராசஸரே எவ்வளவோ தேவலைன்னு தோணிடுச்சு."

ஆக, பழைய கம்ப்யூட்டருக்கு ப்ராசஸர் மாற்றுவதால் லாபமுண்டா என்று யாராவது கேட்டால், பெட்டியைத் திறந்து பார்த்து அதன் வேகத்தைச் சொல்ல எனக்குத் தெரியும். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதைச் சொல்கிற சாஃப்ட்வேர் சேலையூர் ஜோதிடரிடமும் இல்லை.