வெளிச்சம் போடாத கேமரா

கரப்பான் என்ற பேரை நான் முதலில் கேட்டது என் நாத்தனாரின் மூத்த மகள் கல்யாணத்தில். மண்டபத்தில் பாத்திரம் துலக்குகிறவளைச் சமையல்காரர் அப்படித்தான் கூப்பிட்டார். வீடியோக்காரனின் பெரிய விளக்கு திரும்பினால் போதும், அவள் அண்டாவுக்குப் பின்னால் போய்விடுவாள்.

அடித்தே கொல்லப் பார்த்த புருஷனிடமிருந்து ஓடி வந்தவள் அவள். எங்கே போனாலும் தேடிப் பிடிப்பேன் என்று அவன் சொல்லியிருந்தான். விளக்குக்குத் தப்பினால் படத்துக்கும் தப்பலாம் என்று நம்பித்தான் பல வருஷம் ஓட்டினாள்.

இளைய மகள் கல்யாணமும் அதே மண்டபத்தில்தான். இந்தத் தடவை விளக்கே இல்லை. அதனால் தட்டுகளைச் சுமந்துகொண்டு நாலைந்து தடவை தைரியமாகக் கூடத்தைக் கடந்தாள். தூணில் தீப்பெட்டி அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்ன தம்பி?" என்று பக்கத்தில் நின்ற வீடியோக்காரப் பையனைக் கேட்டாள்.

"கேமராக்கா. வெளியூர் சொந்தமெல்லாம் இப்பவே போன்ல கல்யாணத்தைப் பாக்குறாங்க."

"நான் வந்ததை மட்டும் அழிச்சிடு சாமி."

"போனது போனதுதான்க்கா. உங்களுக்கும் ஒரு ரசிகர் இருக்காரு. தட்டு தூக்கிட்டுப் போறவங்க எந்த மண்டபத்துல இருக்காங்கன்னு போன்ல பாத்துக்கிட்டே கேட்டு எழுதியிருந்தாரு. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம்னு நினைச்சு விலாசம் அனுப்பிட்டேன்."

தட்டுகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஒருவன் வந்து விசாரித்தான். "அப்படி யாரும் இங்க வேலை பாக்கலையே" என்றார் சமையல்காரர். அவன் நம்பவில்லை, அண்டாக்களை எல்லாம் நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

இப்போது அவள் வேறு ஊரில், என் சித்தி மருமகள் நடத்தும் சோப்புக் கம்பெனியில் உறை ஒட்டுகிறாள்.