மாப்பிள்ளையின் கண்ணுக்குப் பரீட்சை

"தம்பி, எதிர்க்கடை போர்டுல என்ன எழுதியிருக்கு? சும்மா படிங்களேன்."

இன்று கோப்பிக்கடையில் இப்படிக் கேட்டவர் எனக்குப் பேசி வைத்திருக்கும் பெண்ணின் அப்பா.

பாயான் பாருவில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்யும் என் அண்ணனுக்கு அங்கே இரண்டு கண்ணிலும் ஆசிட் தெறித்துவிட்டது. போன மாதம் என் கருவிழியின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து அவர் கண்ணில் வைத்தார்கள். அதிலுள்ள செல்கள் அங்கே புதிதாக வளருமாம். எனக்குக் கொஞ்சம் சிவப்பு மிச்சம், பார்வைக்கு ஒன்றுமில்லை.

மாமா நம்பவில்லை. போர்டைப் படித்தேன். தூரத்தில் வந்த பஸ்ஸின் நம்பரையும் சொன்னேன்.

அவர் கடைக்காரரிடம் திரும்பினார். "சரியா சொல்றாரா பாருங்க லா. நான் கண்ணாடி எடுத்துட்டு வரல."

சரி என்றதும் அடுத்த சந்தேகம். "பொறக்கப்போற பிள்ளைக்கும் கண்ணுல ஓரம் கொறைஞ்சிருமோ?"

சாயங்காலம் பெண் போன் செய்தாள். நான் முந்திக்கொண்டு, "எனக்கு நல்லாத் தெரியுது" என்றேன்.

"அது இருக்கட்டும். உங்க அண்ணனுக்கு வெளிச்சம் தெரியுதா?"

இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

இப்போது சந்தேகம் எனக்கு. அந்த வீட்டில் இப்படி ஒரு பெண்ணா? இந்த மின்னஞ்சல் குழுவில் கல்யாணமானவர்கள் சொல்லுங்கள், நம்பலாமா?