வறட்சிப் படிவத்தோடு வெள்ளத்துக்குப் போனேன்

ஐப்பசி மழையில் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களைப் பார்க்கப் போகலாமா என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போகலாம். ஆனால் நான் அங்கே முதல்முதலாகப் போன கதையைச் சொல்லாமல் வழி மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. எனக்கு இருபத்திரண்டு வயது. அருப்புக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். மாதாமாதம் நீட்டித்துக் கொடுத்தால்தான் வேலை என்பதால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன்.

மூன்று வருடமாக மழை இல்லை. வறட்சிக் கணக்கு எடுத்து வரச் சொல்லி ஒரு கட்டுப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், மாடு எத்தனை செத்தது, கஞ்சித்தொட்டி எங்கே வைக்கலாம் என்றெல்லாம் கேள்விகள். வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. சொல்லிப் பார்த்தேன். "உத்தரவு போன வாரமே வந்திருச்சுப்பா, போயிட்டு வா" என்றார் மேலதிகாரி. வெள்ளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஏதாவது தாள் இருக்கிறதா என்று கேட்டேன். நம்ம பக்கம் வெள்ளமா என்று அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

காலை 7.10 பஸ். திருச்சுழி பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஐம்பது பைசா, மழையில் ஒரு மணி நேரம் பிடித்தது. இறங்கிய கூட்டத்தில் பாதி கடைகண்ணிக்குப் போகாமல் குண்டாற்றைப் பார்க்க ஓடியது. கலங்கிய தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது, ஆளாளுக்கு நின்று கும்பிடுகிறார்கள். பயப்பட வேண்டிய காட்சியா, சந்தோஷப்பட வேண்டியதா என்று எனக்கு விளங்கவில்லை. 9.20க்கு வீரசோழன் பஸ், முப்பது பைசா. ஏழாவது கிலோமீட்டரில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிப்பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்தேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

ஊருக்குள் நுழையும்போதே குலவைச் சத்தம். கண்மாய் நிறைந்துவிட்டது. கரைமேல் பெண்கள் பூவும் மஞ்சளும் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கரைக்கு அந்தப்புறம், தண்ணீர் மட்டத்துக்கு வெகு கீழே, பதினான்கு மண்வீடுகள். அங்கிருந்து ஒருவர் மண்வெட்டியோடு ஏறி வந்தார். கருப்பையா, அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் வயலுக்குத் தண்ணீர் பங்கு வைப்பதும் அவர் வேலை. ஐம்பது வயதிருக்கும்.

"கவர்மெண்டு ஆளா? நல்ல நேரத்துல வந்தீக. கொஞ்சம் கலுங்கு வரைக்கும் வாங்கய்யா" என்றார்.

கலுங்கு என்பது கண்மாயில் மிஞ்சிய தண்ணீர் தானாக வழிந்து போகிற இடம். வரிசையாகக் கல் நட்டிருக்கும். மழை பொய்த்த ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று கல்லுக்கு நடுவே பனஞ்சட்டமும் களிமண்ணும் வைக்கோலும் திணித்து, கலுங்கை உயர்த்திவிடுவார்கள். இந்த ஊரில் புரட்டாசியிலேயே ஒரு முழம் உயர்த்தியிருந்தார்கள். போகவேண்டிய தண்ணீர் போக வழியில்லாமல் கரையை முட்டிக்கொண்டு நின்றது. அடைப்பை எடுக்க வேண்டியதுதானே என்றேன்.

"நானா எடுக்க முடியாதுய்யா. பாசனக்காரவுக அத்தன பேரும் கூடிச் சொல்லணும். சாவடியில கூடித்தேன் இருக்காக, காலையில இருந்து."

சாவடிக்குப் போனேன். பத்துப் பேர் பத்து விதமாகப் பேசினார்கள். அவர்களில் அதிக நிலமுள்ளவர் ராமலிங்கம். முரடர் இல்லை, முதலில் எனக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார். "மூணு வருசமா இந்தக் கண்மாய்க்குள்ள ஆடு மேஞ்சுச்சு தம்பி. இன்னைக்குத்தேன் தண்ணியக் கண்ணால பாக்குறோம். இதப் போயி ஒடைச்சு ஓடையில விடுன்னா வயிறு எரியாதா?" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வெளியே வந்து கருப்பையாவைப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயமாகப் பட்டது. பையில் இருந்த படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

சரி, ஆட்களையாவது பள்ளிக்கூடத்துக்கு ஏற்றலாம் என்று கீழே இறங்கினோம். ஏழு குடும்பம் வந்தது. மற்றவர்கள் அசையவில்லை. கண்மாய் பெருகுகிற அன்றைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் மழை கோபித்துக்கொண்டு போய்விடுமாம். கருப்பையாவின் மனைவியே அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார். "வந்த மழைய நான் வெரட்டணுமாக்கும்? போங்கய்யா" என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, உள்ளபடியே.

மணி ஒன்றரை. கருப்பையா கரையின் அடிவாரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்தது. "தெளிவா வந்தா பயமில்ல. கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். பாருங்க, இது கலங்கலா, தெளிவா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல." குனிந்து பார்த்தேன். கலங்கியது போலத்தான் இருந்தது. மழைத்தண்ணீர் சேர்ந்து கலங்கியதா, கரைமண் கரைந்து கலங்கியதா? இன்று வரை எனக்குத் தெரியாது. "ஒரு வார்த்த சொல்லுங்கய்யா" என்றார். கலுங்கு அடைப்பை வெட்டுவதற்கு அவருக்கு யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

"உடைங்கண்ணே" என்றேன்.

ஓடிப்போய்க் கலுங்கில் இறங்கி மண்வெட்டியைப் போட்டார். நானும் கையால் களிமண்ணைப் பிய்த்தேன். ஒரு முழம் இறங்கினால் போதும் என்றுதான் நினைத்தோம். ஆனால் அடைப்பு விட்டதும் வந்த வேகத்தில் கலுங்குக் கல்லே இரண்டு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் இரைச்சலோடு ஓடையில் பாய்ந்தது. சாவடிக் கூட்டம் ஓடி வந்தது. "ஏலே, யாருடா ஒடைக்கச் சொன்னது?" என்று ராமலிங்கம் கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கருப்பையா முந்திக்கொண்டார். "நாந்தேன் சாமி. நானாத்தேன் ஒடைச்சேன்."

சேற்றுக் கையோடு நான் நின்றேன். நானும் உதவிக்கு இறங்கியதாக நினைத்திருப்பார்கள். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, செய்தது சரியா தப்பா என்றே தெரியாமல் எதை ஒப்புக்கொள்வது என்ற குழப்பம். 4.15 பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். பாதி வழியில் மழை நின்று வெயில் அடித்தது. அதற்கப்புறம் அந்த வருடம் பெய்யவே இல்லை.

மாசியில் மறுபடி போனேன். கல் பெயர்ந்த வழியாக அன்றைக்கே பாதிக்குக் கீழே இறங்கிய கண்மாய் தையிலேயே வற்றியிருந்தது. நெல் கதிர் பிடிக்காமல் காய்ந்து நின்றது. பதினான்கு வீடும் நல்லபடியாக இருந்தன, ஒரு சுவர்கூட விழவில்லை. கருப்பையாவின் வீடு மட்டும் பூட்டியிருந்தது. "நீர்பாய்ச்சி வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாக. ஒருத்தரும் கூலிக்கும் கூப்பிடல. மதுரப் பக்கம் போறேன்னு போனாக" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். யார் உடைக்கச் சொன்னது என்று அவரிடம் பலமுறை கேட்டார்களாம். வேறு பெயரே அவர் வாயிலிருந்து வரவில்லையாம். மதுரையில் இரண்டு முறை தேடினேன். கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழிக்கு அடிக்கடி பஸ் உண்டு, அதற்கப்பால் குறைவு, திரும்புகிற நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கரிசல் மண், மழையில் வழுக்கும். நிறைந்த கண்மாய்க்கரையின் வெளிப்புறச் சரிவில் நின்று படம் எடுக்காதீர்கள். கசிவு கண்ணில் பட்டால் கலங்கலா தெளிவா என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள்.

சென்ற வருடம் அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கண்மாயைப் பற்றிப் பேச்சு வந்தது. "எங்கப்பா காலத்துல ஒரு நீர்பாய்ச்சி திமிரெடுத்து ஒடைச்சு விட்டுட்டான் சார், ஊரே பட்டினி கெடந்துச்சு" என்றார் பக்கத்தில் இருந்தவர். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால், ஊர் எது என்று உங்களுக்குத் தெரியும். அவர் திமிரில் உடைக்கவில்லை. உடைக்கச் சொன்னது நான்.