பரீட்சைக்குப் போன இரத்தம்

இடது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டதும், அண்ணன் மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். மதினி என்னை ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா இரண்டு காரியம் சொன்னார்: மார்பைப் படம் எடுக்க வேண்டும், இரத்தத்தில் புற்றுநோயின் தடயம் தெரிகிறதா என்று பார்க்கும் ஒரு பரிசோதனையும் செய்துகொள்ளலாம். படம் எடுக்கையில் மார்பை அமுக்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "மொதல்ல ரத்தம் எடுங்க. படம் பொறவு பாப்போம்" என்று நழுவினேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்க பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. மதினி கேட்டாள், "ஏளா, ஒன் ரத்தம் பரீட்சைக்குப் போவுதா, பொண்ணு பாக்கப் போவுதா?"

இரத்தம் எடுத்த நர்ஸிடம், "ரத்தம் நல்லாருக்கா?" என்று ஆவலாக விசாரித்தேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. "அக்கா, ரத்தம் எம்புட்டு ஊறிருக்குன்னு இதுல பாக்கல. கட்டி ஏதும் தடயம் விட்டிருக்கான்னுதான் பாக்கோம்."

முடிவு வந்தது. சந்தேகப்பட ஒன்றும் இல்லையாம். "பாஸ்!" என்று கத்திக்கொண்டு பையை எடுத்தேன்.

"உக்காருங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "ரத்தம் துணைக்குத்தான். சில கட்டி ரத்தத்துல தடயமே காட்டாது. படம் பாக்காம நான் எதுவும் சொல்ல முடியாது."

நான் கதவைப் பார்த்தேன். அங்கே மதினி நின்றாள். அவள் நின்றால் கதவு தெரியாது.

"நம்மூருக்குப் போவுத அம்பாசமுத்திரம் பஸ்ஸு எங்கயும் ஓடிறாது" என்றவள், டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "எனக்கும் அம்பது ஆச்சு. எனக்கும் சேத்து எடுங்க. நானே மொதல்ல போறேன்."

படம் எடுக்கும் அறைக்குள் போனவளின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "ஏளா! அப்பள மாவ அமுக்குத மாதிரி அமுக்குதாவ. உசுரோடதான் இருக்கேன். பயப்படாம வா!"

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். சிரிப்பில் அமுக்கியது பாதி தெரியவில்லை.

பிறகு ஸ்கேனும் பார்த்தார்கள். வெறும் நீர்க்கட்டி. மதினிக்கும் ஒன்றுமில்லை. நாங்கள் வராந்தாவில் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்த சத்தத்தில் காவலாளி ஓடி வந்தார். "என்னம்மா, என்ன கொழந்த பொறந்திருக்கு?"

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி! எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே இல்லியாம்!"